விருப்பப் பாடம்: யாருடைய விருப்பம்?

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் நாம் ஆற்றிய உரை)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், இங்கிலாந்து தேசத்துப் பள்ளிகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் முதலிய அயல்மொழிகளைக் கற்பிக்கும் விஷயம். "ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறோம், பஞ்சப்படி பாக்கி நிற்கிறது, அறுவடைக் கூலி இன்னும் பேசி முடியவில்லை. வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளை பிரெஞ்சு படித்தால் நமக்கென்ன, படிக்காவிட்டால் நமக்கென்ன?" என்று சிலர் மனதுக்குள் கேட்பது நமக்குத் தெரிகிறது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஏழைப் பிள்ளையிடமிருந்து ஒரு பாடத்தைப் பறிக்க வேண்டுமானால், "உனக்கு இது கிடையாது" என்று எந்த சர்க்காரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "இது இனிமேல் உன் விருப்பம்" என்று சொல்கிறார்கள். கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. அந்த இனிப்புக்குள் என்ன இருந்தது என்பதை இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கம் அனுபவித்துப் பார்த்துவிட்டது. வருஷமும் எண்ணிக்கையும் ஏட்டிலேயே இருக்கின்றன. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் விரிக்கப் போகிறோம்.

பதினோரு வயதில் ஒரு சல்லடை

1944-ஆம் வருஷம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு கல்விச் சட்டம் செய்தது. பட்லர் என்ற மந்திரி கொண்டுவந்ததால் பட்லர் சட்டம் என்பார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக உயர்நிலைக் கல்வி என்று அது சொன்னது. நல்ல சட்டம்தான், யுத்தத்தில் ரத்தம் சிந்திய ஜனங்கள் கேட்டுப் பெற்ற சட்டம். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது நடுவிலே ஒரு சல்லடையைக் கட்டினார்கள்.

பிள்ளைக்குப் பதினோரு வயது ஆகும்போது ஒரு பரீட்சை. அதில் தேறுகிறவர்கள் 'கிராமர்' பள்ளிக்குப் போவார்கள். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேருக்குத்தான் அங்கே இடம். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் 'செகண்டரி மாடர்ன்' பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை, ஆலைத் தொழிலாளியின் பிள்ளை, பண்ணை ஆளின் பிள்ளை பெரும்பாலும் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

கிராமர் பள்ளியில் பிரெஞ்சு உண்டு, லத்தீனும் உண்டு. செகண்டரி மாடர்ன் பள்ளிகள் பலவற்றில் அயல்மொழி என்ற பேச்சே கிடையாது. இருந்த இடத்திலும் மேல் வகுப்புப் பிரிவுக்கு மட்டும்தான். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறவனுக்கு பிரெஞ்சு எதற்கு என்று கேட்டார்கள். ஆக, பதினோரு வயதுக் குழந்தையின் கையில் ஒரே ஒரு நாள் பென்சிலைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு, இன்னொரு தேசத்து ஜனங்களோடு அவன் வாழ்நாளில் பேசலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்துவிட்டார்கள்.

1965-இல் தொழிற்கட்சி சர்க்கார், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப் பள்ளித் திட்டத்துக்கு மாறும்படி ஸ்தல ஸ்தாபனங்களைக் கேட்டுக்கொண்டது. அந்தப் பரீட்சை பெரும்பாலான இடங்களில் ஒழிந்தது. கென்ட் போன்ற சில பகுதிகளில் இன்றும் ஒழியவில்லை. பொதுப் பள்ளி வந்த இடங்களில்தான் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் திரளாக பிரெஞ்சு வகுப்பில் முதல் தடவையாக உட்கார்ந்தார்கள்.

சின்னக் கிராமப் பள்ளி காட்டிய பாடம்

இங்கே ஒரு சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1963-இல் இங்கிலாந்தில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். எட்டு வயதிலேயே ஆரம்பப் பள்ளியில் பிரெஞ்சு தொடங்குவது. பிள்ளைகள் எப்படித் தேறுகிறார்கள் என்று பல வருஷம் கூடவே தொடர்ந்து பார்ப்பது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்தார்கள். கிளேர் பர்ஸ்டால் என்ற அம்மையாரின் தலைமையில் 1974-இல் அறிக்கை வந்தது. சீக்கிரம் தொடங்கியதால் பெரிய லாபம் எதுவும் நிலைக்கவில்லை என்பது அதன் முடிவு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

ஆனால் அதே அறிக்கையில் வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, தகப்பனின் தொழில் மேலே போகப் போக பிள்ளையின் மார்க்கும் மேலே போயிற்று. இது நாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. பெரிய பள்ளிகளின் பிள்ளைகளைவிடச் சின்னக் கிராமப் பள்ளிகளின் பிள்ளைகள் நன்றாகத் தேறியிருந்தார்கள்!

ஏன்? சின்னப் பள்ளியில் பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படித்தார்கள். பெரிய பள்ளியில் போட்டி. பிந்தினவனைப் பார்த்துச் சிரிப்பு. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வந்த பிள்ளை வாயைத் திறப்பதில்லை. வாயைத் திறக்காதவனுக்கு மொழி எப்படி வரும்? இந்தப் பிள்ளையால் முடியாது என்று உபாத்தியாயர் நினைத்த வகுப்பில் பிள்ளையால் முடியாமலே போயிற்று. 'ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மொழி மூளை கிடையாது' என்கிறவர்களுக்கு அந்தக் கிராமப் பள்ளிகள் பதில் சொல்லிவிட்டன.

வகுப்பறையில் ஒரு நிமிடக் கணக்கு

மொழியை எப்படிக் கற்பிப்பது என்பதும் பழைய வழக்குதான். வெகுகாலம் பிரெஞ்சையும் ஜெர்மனையும் செத்த மொழியைப் போலவே கற்பித்தார்கள். இலக்கண அட்டவணையை மனப்பாடம் செய், வாக்கியத்தை மொழிபெயர், அவ்வளவுதான். 1882-இல் வில்ஹெல்ம் ஃபீட்டர் என்ற ஜெர்மானியர் புனைபெயரில் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டு, மொழி கற்பிக்கும் முறையே தலைகீழாகத் திரும்ப வேண்டும் என்று முழங்கினார். முதலில் பேச்சு, ஒலி. அப்புறம் எழுத்து, இலக்கணம் என்பது அவர் பக்கத்து வாதம். அதன் பிறகு எத்தனையோ முறைகள் வந்தன. 1960-களில் டேப் ரிக்கார்டரும் படச் சுருளும் வந்தன. தடுப்புத் தடுப்பாகப் பிள்ளைகளை உட்காரவைத்துக் காதில் கருவி மாட்டும் 'மொழிச் சோதனைச்சாலை' வந்தது. கருவி எது வந்தாலும் ஒரு கணக்கு மட்டும் மாறவில்லை. அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம்.

ஒரு பீரியடு ஐம்பது நிமிடம் என்று வையுங்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகள். அதில் பாதி நேரம் உபாத்தியாயர் பேசுகிறார். மீதி இருபத்தைந்து நிமிடத்தை முப்பது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஐம்பது விநாடி! வாரத்துக்கு மூன்று பீரியடு என்றால் இரண்டரை நிமிடம். வருஷத்துக்கு முப்பத்தெட்டு வாரப் பள்ளி. ஆக ஒரு பிள்ளை ஒரு வருஷம் முழுவதும் அந்த மொழியில் வாய் திறந்து பேசுவது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு சினிமாப் படம் பார்க்கும் நேரம்கூட இல்லை.

தோழர்களே, ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டுவதற்குக் கற்றுக்கொண்டபோது நீங்கள் எத்தனை நாள் நின்றீர்கள்? மேஸ்திரி செய்து காட்டியதைப் பார்த்து மட்டும் கற்றுக்கொண்டீர்களா? விரல் ஆயிரம் தடவை தவறிய பிறகுதானே கைக்கு வந்தது? நாற்று நடுகிற பெண்ணும் அப்படித்தான். நாக்கும் ஒரு அவயவம்தான். அதற்கும் பழக்கம் வேண்டும்.

நல்ல உபாத்தியாயர்கள் இதற்கு வழி கண்டார்கள். பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் கடைக்காரன், ஒருவன் வாங்குகிறவன் என்று ஒரே சமயத்தில் பேசவிட்டார்கள். அப்போது அதே இருபத்தைந்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கிறது. வகுப்பு சந்தைக்கடைபோல் இரைச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரைச்சல்தான் படிப்பு. இதற்கு வேண்டியது மொழியை நன்றாகப் பேசத் தெரிந்த உபாத்தியாயர், அளவான வகுப்பு, அந்தத் தேசத்திலிருந்து வந்து பேசிப் பழக்க ஓர் உதவியாளர். மூன்றுக்கும் பணம் வேண்டும். இங்கேதான் சர்க்கார்களின் கை சட்டைப்பைக்குப் போகாமல் நின்றுவிடுகிறது.

கட்டாயம் வந்ததும் போனதும்

1988-இல் இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டச் சட்டம் வந்தது. கொண்டுவந்தது தாட்சரின் டோரி சர்க்கார். தொழிற்சங்கங்களை ஒடுக்கிய அந்தச் சர்க்காரைப் பற்றி நமக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆனாலும் உண்மையை உண்மை என்றே சொல்ல வேண்டும். பதினோரு வயது முதல் பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் ஓர் அயல்மொழி படிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எழுதியது. 1990-களில் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதன் பலன்? 2002-இல் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில் நூற்றுக்கு எழுபத்தாறு பிள்ளைகள் ஏதாவது ஓர் அயல்மொழியை எழுதினார்கள்.

குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பல வகுப்பறைகளில் பாடம் சலிப்பாக இருந்தது. என் பென்சில் பெட்டியில் என்ன இருக்கிறது, என் வீட்டில் என்ன நாய் இருக்கிறது, ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்றே வருஷா வருஷம் சுற்றிவந்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க எப்படி மனம் வரும்? வகுப்பில் அமளி, உபாத்தியாயர் பற்றாக்குறை. இந்தக் குறைகளுக்கு மருந்து, பாடத்தைச் செப்பனிடுவதும் உபாத்தியாயர்களைச் சேர்ப்பதும்தான். நாற்று வாடினால் தண்ணீர் பாய்ச்சுவோம். வாடுகிறதே என்று பிடுங்கிப் போடுவோமா?

பிடுங்கிப் போட்டார்கள். இந்தத் தடவை டோரி சர்க்கார்கூட இல்லை. டோனி பிளேரின் தொழிற்கட்சி சர்க்கார். 2002 டிசம்பரில் 'எல்லோருக்கும் மொழி, வாழ்நாள் முழுவதும் மொழி' என்ற பொருளில் தலைப்புப் போட்டு ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். ஆரம்பப் பள்ளியில் மொழி கொண்டுவருவோம் என்றது அந்தத் திட்டம். அதே காலத்திலேயே, பதினான்கு வயதுக்கு மேல் மொழி கட்டாயமில்லை, விருப்பப் பாடம் என்று தீர்மானித்து, 2004 செப்டம்பர் முதல் அமல் செய்தார்கள். 2011-இல் மொழி எழுதியவர்கள் நூற்றுக்கு நாற்பது! எழுபத்தாறு எங்கே, நாற்பது எங்கே!

அந்த முப்பத்தாறு பேர் யார்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். விட்டுப்போன அந்த முப்பத்தாறு பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

இங்கிலாந்தில் நூற்றுக்கு ஏழு பிள்ளைகள்போல் கட்டணப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே மொழி வகுப்பு பெரும்பாலும் அப்படியே நடந்தது. பல பள்ளிகள் பதினாறு வயது வரை கட்டாயமாகவே வைத்துக்கொண்டன. தன் பிள்ளைக்கு எது தேவை என்பது பணக்காரனுக்குத் தெரியும். மொழி விழுந்தது பொதுப் பள்ளியில். அதிலும், இலவச மதிய உணவு வாங்கும் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில்தான் மொழி எடுப்போர் குறைவு என்பதை பிரிட்டிஷ் கவுன்சில் வெளியிடும் அறிக்கைகளே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஏழைப் பிள்ளையே 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டானா? அந்த 'விருப்பம்' எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். 1992 முதல் இங்கிலாந்தில் பள்ளிகளைத் தேர்ச்சிக் கணக்குப்படி வரிசைப்படுத்திப் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் கீழே போன பள்ளிக்குக் கெட்ட பெயர், பிள்ளைகள் சேர்க்கை குறையும், பணம் குறையும். இன்னொரு பக்கம், மொழிப் பரீட்சையில் மார்க் போடுவது மற்றப் பாடங்களைவிடக் கடுமையாக இருக்கிறது என்று உபாத்தியாயர்கள் வருஷக்கணக்காக முறையிட்டார்கள். கடைசியில் 2019-இல் பரீட்சை மேற்பார்வை இலாகாவே பிரெஞ்சு, ஜெர்மன் ஜி.சி.எஸ்.இ. தர நிர்ணயத்தைச் சரிசெய்வதாக அறிவிக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியலில் இடம் காக்க வேண்டிய தலைமை உபாத்தியாயர், கடுமையான பாடத்துக்கு ஏழைப் பிள்ளையை அனுப்புவாரா? "தம்பி, உனக்கு இது சரிப்படாது, வேறு எடு" என்பார். எடுக்கிறவர்கள் குறைந்ததும், "பத்துப் பேருக்காக ஓர் உபாத்தியாயரா?" என்று வகுப்பை மூடுவார். வகுப்பு மூடிய பள்ளியில் அடுத்த வருஷம் விரும்புகிற பிள்ளைக்கும் மொழி கிடையாது. மொழி படிப்போர் குறைந்தால் சர்வகலாசாலையில் மொழித் துறை சுருங்கும்; துறை சுருங்கினால் உபாத்தியாயர் கிடைக்கமாட்டார். உபாத்தியாயர் இல்லையென்றால் இன்னொரு வகுப்பு மூடும். இந்தச் சக்கரத்தில் அகப்பட்ட பிள்ளையைப் பார்த்து 'அவன் விரும்பவில்லை' என்கிறார்கள்!

2010-இல் வந்த சர்க்கார், மொழியும் அடங்கிய ஒரு பாடத் தொகுப்பை அளவுகோலாக வைத்தது. 2025-க்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் அந்தத் தொகுப்பை எடுக்க வேண்டும் என்று பின்னர் இலக்கும் போட்டார்கள். மொழி எழுதுவோர் எண்ணிக்கை பாதியைக்கூடத் தாண்டவில்லை. 2025 இறுதியில் அந்த அளவுகோலையே கைவிடுவதாக சர்க்கார் அறிவித்தது. உபாத்தியாயரைக் கொடுக்காமல் இலக்கை மட்டும் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

பாடம் அவ்வளவு பெரிய மலையா? 2024-இல் வகுப்பு தொடங்கிய புதிய ஜி.சி.எஸ்.இ. திட்டப்படி கீழ்நிலைத் தாளுக்கு 1,200 சொற்கள். மேல்நிலைத் தாளுக்கு 1,700. ஐந்து வருஷப் பள்ளி வாரங்களுக்குப் பங்கு போட்டால் வாரத்துக்குக் கீழ்நிலைக்கு ஆறு, மேல்நிலைக்கு ஒன்பது சொல்! இதைக் கற்க முடியாத பிள்ளை எந்தத் தொழிலாளி வீட்டிலும் பிறக்கவில்லை. ஆனால் கீழ்நிலைத் தாள் எழுதுகிறவன் எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஒன்பது படியில் ஐந்தாம் படிக்கு மேல் ஏற முடியாது. எந்தத் தாள் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது பள்ளி. பழைய சல்லடை முழுவதும் போய்விடவில்லை, தோழர்களே!

நெசவாலைக்கு வந்தவர்களின் மொழி

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். யுத்தத்துக்குப் பிறகு லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் யார்க்ஷயர் கம்பளி ஆலைகளிலும் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் மீர்ப்பூரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். சில்ஹெட்டிலிருந்து போனவர்கள் லண்டன் தையல் பட்டறைகளில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் உருது, பஞ்சாபி, வங்காளி பேசினார்கள். பள்ளியில் ஆங்கிலம் பேசினார்கள். எந்த உபாத்தியாயரும் இல்லாமலே இரண்டு மொழி பேசிய பிள்ளைகள் அவர்கள்!

அந்தச் செல்வத்தைப் பள்ளி என்ன செய்தது? 1985-இல் வந்த ஸ்வான் கமிட்டி அறிக்கை, தாய்மொழியைக் காக்கும் வேலை அந்தந்தச் சமூகத்தாருடையது, பொதுப் பள்ளியுடையது அல்ல என்று சொல்லிவிட்டது. தேசியப் பாடத்திட்டம் வந்தபோது பள்ளியில் சொல்லிக்கொடுக்கக்கூடிய மொழிகளுக்கு இரண்டு பட்டியல் போட்டார்கள். முதல் பட்டியலில் ஐரோப்பியக் கூட்டமைப்பின் எட்டு மொழிகள். இரண்டாவதில் வங்காளி, உருது, பஞ்சாபி, சீனம், அரபி முதலிய பதினொன்று. முதல் பட்டியலில் ஒன்றைக் கொடுத்தால்தான் இரண்டாம் பட்டியலுக்கு அனுமதி. பின்னாளில் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். ஆனால் பாரிஸ் மொழி படித்தால் கல்வி, பாட்டியின் மொழி படித்தால் வீட்டு விவகாரம் என்ற எண்ணம் அவ்வளவு சுலபத்தில் போய்விடவில்லை.

தமிழ் இரண்டு பட்டியலிலும் இல்லை. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி லண்டன் போன தமிழர்கள் என்ன செய்தார்கள்? சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்குப் பிடித்த பள்ளிக்கூட அறைகளில் தாங்களே தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். வாரம் முழுவதும் கடையிலும் பட்டறையிலும் உழைத்தவர்கள் விடுமுறை நாளில் கரும்பலகை முன்னால் நின்றார்கள்.

போராடினால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2015-இல், எழுதுகிறவர்கள் குறைவு என்று சொல்லி, வங்காளி, பஞ்சாபி, போலிஷ் போன்ற மொழிகளின் பரீட்சைகளை நிறுத்தப் போவதாகப் பரீட்சை நடத்தும் ஸ்தாபனங்கள் அறிவித்தன. உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் சமூக அமைப்புகளும் கையெழுத்து வாங்கினார்கள், மனுக் கொடுத்தார்கள். 2016-இல் அந்தப் பரீட்சைகளில் பெரும்பாலானவை தொடரும் என்று சர்க்கார் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

"உலகமெல்லாம் ஆங்கிலம் பேசும்போது ஆங்கிலப் பிள்ளைக்கு இன்னொரு மொழி எதற்கு?" என்கிறார்கள். அப்படியானால் கட்டணப் பள்ளியில் ஏன் கற்பிக்கிறார்கள்? முதலாளியின் மகன் இரண்டு மொழியோடு கம்பெனி நிர்வாகத்துக்குப் போவான். தொழிலாளியின் மகன் ஒரே மொழியோடு சரக்கு ஏற்றுவான். பக்கத்துத் தேசத்துத் தொழிலாளி ஏன் வேலைநிறுத்தம் செய்கிறான், என்ன கூலி வாங்குகிறான் என்பதை அவன் வாயால் கேட்க முடியாதவன், முதலாளியின் பத்திரிகை சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

எந்த மொழியை, எத்தனை மொழியைப் படிப்பது என்பது அந்தந்த ஜனங்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அதில் நாம் இங்கிலாந்துக்குப் புத்தி சொல்லவில்லை. அவர்கள் பட்ட அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எந்தப் பாடமானாலும் சரி, 'இனிமேல் இது விருப்பம்' என்ற சொல் காதில் விழுந்தவுடனே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அதைக் கற்பிக்க நம் பள்ளியில் உபாத்தியாயர் இருக்கிறாரா? வாரத்துக்கு எத்தனை பீரியடு? பணக்காரப் பிள்ளையின் பள்ளியிலும் அதை விருப்பமாக விட்டிருக்கிறார்களா? வேண்டாம் என்று சொன்னது பிள்ளையா, பிள்ளைக்காக வேறு யாராவது சொன்னார்களா?

இந்த நான்குக்கும் ஒழுங்கான பதில் வந்தால் அது விருப்பம். வராவிட்டால் அது பறிப்பு. பறிப்பை என்ன செய்வது என்று ஆலையிலும் வயலிலும் நின்றவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.